வைத்துவிட்டு வந்த தேத்தண்ணி

போன டிசம்பர் பன்னிரண்டாம் திகதி, வெள்ளிக்கிழமை, பின்னேரம் நாலு மணி இருபது நிமிடம். காலையிலிருந்து கொட்டிய மழை விட்டு, வாடைக்காற்றோடு தூற்றல் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. சாய்ந்தமருதில் கடற்கரைப் பக்கமாக உள்ள ஒரு வீட்டு வாசலில் முச்சக்கரவண்டியை விட்டு இறங்கினேன். கழுத்தில் மப்ளர், ஒரு கையில் குடை, மறு கையில் பிளாஸ்க். நடந்த வில்லங்கம் எல்லாவற்றுக்கும் அந்த பிளாஸ்க்தான் காரணம்.

நான் கல்முனையைச் சேர்ந்தவன். தபாலதிபராக இருந்து ஓய்வுபெற்றவன். முத்திரையும் காசுக்கட்டளையும் எண்ணியே காலம் போனதால், எதைக் கண்டாலும் எண்ணுகிற பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. அன்றைக்கு நாங்கள் போனது, மௌத்தாகிவிட்ட என் தம்பியின் மகளுக்கு மாப்பிள்ளை கேட்டு. எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் போய்க் கேட்பது. அவளுக்கு வாப்பா இல்லை, கூடப்பிறந்த ஆண்களும் இல்லை. நிக்காஹ்வில் அவளுக்குப் பொறுப்பாக நிற்க வேண்டியவன் நான்தான்.

அவளுக்கு இருபத்தொன்பது வயது. பிரதேச செயலகத்தில் வேலை. முன்பு இரண்டு இடத்தில் பேச்சு வந்து, இரண்டும் வீட்டுப் பிரச்சினையிலேயே முட்டி நின்றுவிட்டது. பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். தம்பி தொடங்கிய வீடு கூரையோடு நிற்கிறது, சுவர் பூச ஆளில்லை. மூன்றாவதாக வந்தது அவளே விரும்பிய இடம். மாப்பிள்ளை வள்ள எஞ்சின் திருத்துகிறவர். ஒருமுறை வெள்ளத்தில் நின்றுபோன இவளுடைய ஸ்கூட்டியைத் திருத்திக் கொடுத்ததில் தொடங்கிய பழக்கம். வீட்டைப் பற்றி அவர் சொல்லியனுப்பியது ஒரே வரி: "பூச்சு வேலைய நானே செய்வன்." எங்கள் குடும்பத்தில் சிலர், "கடல் தொழில் செய்யுற ஊட்டுலயா?" என்று முகம் சுளித்தார்கள். அவர்களை வாய் மூட வைத்தவன் நான். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இது தேவை.

போவதற்கு நாலு நாளைக்கு முன் எனக்குச் சளி பிடித்தது. மூக்கடைப்பு, தொண்டைக் கரகரப்பு, இருமல். டாக்டரிடம் போனேன். மருந்து எழுதிவிட்டு, ஒரு நாளைக்கு எத்தனை தேத்தண்ணி குடிக்கிறீர்கள் என்று கேட்டார். ஆறு என்றேன். சீனி? கோப்பைக்கு மூன்று கரண்டி. அவர் பேனையை வைத்துவிட்டு என்னை ஒருமுறை பார்த்தார். "இந்த வயசுக்கு அது கூட. சளி மாறுமட்டுமாவது சீனியக் கொஞ்சம் குறைங்க. கொத்தமல்லி அவிச்சுச் சுடச்சுடக் குடிங்க" என்றார்.

ஆறு மூன்று பதினெட்டு. வாழ்நாளில் எத்தனையோ எண்ணியவன், ஒரு நாளைக்குப் பதினெட்டுக் கரண்டி சீனி என் வயிற்றுக்குள் போவதை அன்றைக்குத்தான் எண்ணிப் பார்த்தேன். பயந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் சீனி டின்னை எடுத்து அலுமாரிக்கு மேலே வைத்தேன்.

"டாக்டர் குறைக்கச் சொன்னா, நீங்க நிப்பாட்டுறீங்க" என்றாள் மனைவி. "மறுகா எங்களுக்கும் சேத்து நிப்பாட்டுறீங்க. எனக்கென்ன சளியா?"

"உனக்கும் வரலாம்" என்றேன்.

"தபால் கந்தோர்ல முத்திர எண்ணின மாதிரி இனிச் சீனியும் எண்ணப்போறார்" என்று சொல்லிக்கொண்டே முக்காலியைப் போட்டு ஏறி டின்னை இறக்கினாள். அவள் குடித்தாள். நான் குடிக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்குப் போன வெள்ளிக்கிழமை, நான் ஒரு பருக்கை சீனியும் தொடாத நாலாவது நாள். எனக்குள் ஒரு பெரிய வெற்றி.

அந்த வீட்டில் எங்களை நன்றாக வரவேற்றார்கள். கடல் பொங்கியிருந்ததால் வள்ளம் இறங்கவில்லை. மாப்பிள்ளையின் வாப்பா வெள்ளைச் சாரன் உடுத்து வாசலிலேயே நின்றார். என்னோடு வந்தது என் மனைவியின் தம்பி. இந்தப் பேச்சைக் கொண்டுவந்தவர் அவர்தான். பேச்சு தண்ணீர் போல ஓடியது. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கல்முனைக்கு வந்து வீட்டைப் பார்ப்பது, அன்றைக்கே நாள் குறிப்பது என்று முடிவானது. இடையிடையே எனக்கு இருமல். மூக்கைத் துடைத்துத் துடைத்து லேஞ்சி நனைந்துவிட்டது.

எங்கள் பக்கத்து மனிதர்கள் கலியாணப் பேச்சில் 'இல்லை' என்று வாயால் சொல்லமாட்டார்கள். வாய்ப் பேச்சு எல்லா வீட்டிலும் மரியாதையாகத்தான் இருக்கும். கடைசியில் வருகிற தேத்தண்ணிதான் மெய்யான பதில். பெண் பக்கத்துப் பெரியவர் கோப்பையைக் காலியாக்கினால் சம்மதம். தொடாமல் வைத்துவிட்டு எழும்பினால், இந்த இடம் எங்களுக்குச் சரிவராது என்று அர்த்தம். கேட்கிறவருக்கும் மனம் நோகாது, சொல்கிறவருக்கும் வாய் கூசாது. இது எனக்குத் தெரியாததல்ல. நானே இரண்டு வீட்டில் அப்படி வைத்துவிட்டு எழும்பியிருக்கிறேன். அன்றைக்குச் சீனிக் கணக்கில் அது நினைவுக்கு வரவில்லை.

தட்டத்தில் தொதல் இனிப்பும் வாழைப்பழமும் தேத்தண்ணியும் வந்தன. மற்றவர்கள் ஆளுக்கொரு கோப்பை எடுத்தார்கள். எனக்குரியதை மாப்பிள்ளையின் உம்மா முக்காட்டைச் சரிசெய்தபடி தனியாகக் கையில் கொண்டுவந்தார். "குடிங்க காக்கா" என்று, அண்ணனைக் கூப்பிடும் முறையில் சொல்லி நீட்டினார்.

"எனக்கு வேணாம் தங்கச்சி" என்றேன். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. காலடியில் இருந்த பிளாஸ்க்கைத் திறந்து, அதன் மூடியில் என் வீட்டுக் கொத்தமல்லித் தண்ணியை ஊற்றி, அவர் முன்னாலேயே குடித்தேன்.

அவர் கோப்பையை எனக்குப் பக்கத்திலிருந்த ஸ்டூலில் வைத்துவிட்டு உள்ளே போனார். மழை வரப்போகிறது என்று மாப்பிள்ளையின் வாப்பா சொன்னார். நாங்கள் ஸலாம் சொல்லி எழும்பினோம். திரும்பி வரும்போது என் மைத்துனர் முச்சக்கரவண்டிக்குள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் சீனி தொடாத நாலாவது நாள் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மனைவியும் தம்பி மனைவியும் காலையிலிருந்து சமைத்தார்கள். லுஹர் தொழுகை நேரம் போனது, அஸரும் போனது. ஒருவரும் வரவில்லை. தொலைபேசியையும் எடுக்கவில்லை. புரியாணிச் சட்டி மூடியபடியே இருந்தது.

மறுநாள் காலையில் மைத்துனர் வந்தார். செருப்பைக் கழற்றுவதற்கு முன்னமே தொடங்கிவிட்டார்.

"மச்சான், உங்களுக்கு விருப்பமில்லாட்டி என்னட்டச் சொல்லியிருக்கலாமே? என்னையும் கூட்டிப்போய் அந்த மனிசர வெக்கப்படுத்தினீங்களே!"

"ஆருக்கு விருப்பமில்ல? சளி மச்சான், சளி! சீனி கூடாதெண்டு டாக்டர் சொன்ன."

"சளி எல்லாருக்கும்தான் வாற. சளி எண்டு ஆராவது சொந்தத் தண்ணியக் காவிக்கிட்டு மாப்பிள்ள ஊட்டுக்குப் போவானா? அவங்கட ஊட்டுத் தேத்தண்ணி இளப்பம், உங்கட ஊட்டுத் தண்ணிதான் உசத்தியா? மீன் மணக்குற கையால தந்தா குடிக்கமாட்டாங்களாம் எண்டு அந்தப் பொம்புள ராவெல்லாம் அழுதிரிக்கா."

எனக்கு இருமல் கூட வரவில்லை. யாரை வாய் மூட வைத்தேனோ, அவர்கள் வாயால் சொன்னதை நான் கையால் செய்துவிட்டு வந்திருக்கிறேன்.

அன்று பின்னேரம் தம்பியின் மகள் வேலை விட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அழுவாள், ஏசுவாள் என்று நான் தயாராக இருந்தேன். அவள் கைப்பையைத் திறந்து ஒரு பொட்டலத்தை மேசையில் வைத்தாள். இஞ்சி.

"சளி எப்பிடி பெரியவாப்பா?"

"நான் போய்க் கதைக்கிறன் மகள்."

"வேணாம். இந்தச் சளியோட நீங்க போய் ஆருக்கிட்டயும் தாழத் தேவையில்ல. நசீபு இருந்தா நடக்கும்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. என் தம்பிக்கும் அப்படித்தான். பொய்யாகச் சிரிக்கத் தெரியாது.

அடுத்த நாள் அஸர் நேரம் தனியாகப் புறப்பட்டேன். பிளாஸ்க்கை எடுக்கவில்லை. மழை நன்றாகப் பெய்தது. அந்த வீட்டில் மாப்பிள்ளையின் வாப்பா பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். உம்மாவும் சின்ன மகளும்தான் இருந்தார்கள். நான் உள்ளே ஏறவில்லை. விறாந்தைக் கதிரையில் இருந்தேன். வரும் வழியெல்லாம் டாக்டர் சொன்னது, என் வயது, இருமல் என்று பெரிய விளக்கமெல்லாம் மனதுக்குள் அடுக்கிக்கொண்டு வந்திருந்தேன். அவர் கதவடியில் வந்து நின்றதும் அதையெல்லாம் விட்டுவிட்டேன்.

"தங்கச்சி, அண்டைக்கு வெச்சிட்டுப் போன தேத்தண்ணியக் குடிக்க வந்திரிக்கன்" என்றேன்.

அவர் உள்ளே போனார். குசினியில் கேத்தல் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு கரண்டி டின்னில் முட்டுகிற சத்தம். ஒன்று. இரண்டு. மூன்று. எண்ணாமல் இருக்க என்னால் முடியவில்லை. கோப்பை வந்தது. வாங்கி, ஊதி ஊதி, அடியில் கரையாமல் கிடந்த சீனி வரைக்கும் குடித்து, கோப்பையைக் கவிழ்த்துக் காட்டுவது போல அவரிடம் நீட்டினேன்.

அவர் அதை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றார்.

"சளிக்குச் சீனி கூடாதெண்டாங்களாமே காக்கா?" மைத்துனர் சொல்லியிருக்க வேண்டும்.

"ஓம், கூடாதுதான்."

"அண்டைக்கு நீங்க இருமுறதக் கேட்டுட்டுத்தான் உங்கட கோப்பைய வேறயாப் போட்ட. இஞ்சியும் மிளகும் தட்டி, சீனி அரைக் கரண்டிதான் போட்டிரிந்த. ஒரு வாயாவது வெச்சுப் பாத்திரிந்தா உங்களுக்கே தெரிஞ்சிரிக்கும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்கு ஏற்கெனவே ஒழுகிக்கொண்டிருந்ததால் அவர் கவனித்திருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். சபையிலிருந்த அத்தனை பேரிலும் என் சளியை நினைத்து எனக்காகச் சீனியைக் குறைத்தவர் அவர் ஒருவர்தான். அந்தக் கோப்பையைத்தான் நான் தொடவில்லை.

"அப்ப இண்டைக்கு ஏன் மூணு?" என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. கேட்டுவிட்டேன்.

"கோவத்துல போட்ட" என்றார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். உள்ளேயிருந்து சின்ன மகள் சிரிக்கிற சத்தமும் கேட்டது.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் வாப்பா குடையோடு வந்து சேர்ந்தார். என்னைக் கண்டதும் வாசலிலேயே தயங்கி நின்றார். மனைவியின் முகத்தையும் கையிலிருந்த காலிக் கோப்பையையும் பார்த்தார். "காக்காக்கும் எனக்கும் தேத்தண்ணி போடு" என்றார். அதிலும் மூன்று கரண்டி. இந்த முறை கோபத்தில் அல்ல, உபசாரத்துக்கு. அவர் குடித்து முடிக்கும் முன் நான் முடித்தேன். ஜனவரி கடைசியில் நிக்காஹ் என்று அந்த விறாந்தையிலேயே நாள் குறித்தோம். வீட்டைப் பார்க்க வேண்டாமா என்று கேட்டதற்கு, "பூச்சு வேலைக்கு மகன் வருவான்தானே, அப்ப நாங்களும் வந்து பாப்பம்" என்றார்.

திரும்பி வந்தபோது தம்பியின் மகள் எங்கள் வீட்டில் இருந்தாள். நான் கதிரையில் இருந்தேன். அவள் இஞ்சி போட்ட தேத்தண்ணி கொண்டுவந்தாள். மறு கையில் சீனி டின். கரண்டியைப் பிடித்தபடி என் முகத்தைப் பார்த்தாள்.

"போடவா பெரியவாப்பா?"

"ஒரு கரண்டி போடு மகள். கலியாண வீட்டுக்காரனில்லையா நான்?"

அவள் கரண்டியை டின்னுக்குள் போட்டுவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். என் மனைவி வந்துதான் அந்த ஒரு கரண்டியைப் போட்டாள்.

அடுத்த கிழமை டாக்டரிடம் போனபோது, நடந்ததைச் சொன்னேன். "நான் குறைக்கத்தானே சொன்ன, ஆரு உங்கள நிப்பாட்டச் சொன்ன?" என்று சிரித்தார். என் மனைவி முதல் நாளே சொன்ன அதே பேச்சு. சளி எப்படியும் தன் பாட்டில் போய்விட்டது. என் வீட்டில் இப்போது கோப்பைக்கு அரைக் கரண்டிதான். அதில் மாற்றமில்லை. ஆனால் யாருடைய வீட்டுக்குப் போனாலும், நீட்டுகிற கோப்பையை முதலில் இரண்டு கையாலும் வாங்கி ஒரு வாய் வைத்துப் பார்க்கிறேன். என்னை நினைத்து ஒருவர் அதில் எதைக் கூட்டியிருக்கிறார், எதைக் குறைத்திருக்கிறார் என்பது வாயில் வைக்காமல் தெரியாது என்று அந்த வீட்டில்தான் படித்தேன். அந்தப் படிப்புக்கு நான் கொடுத்தது, அங்கே மூன்றும் மூன்றும், இங்கே ஒன்றும், ஆக ஏழு கரண்டி சீனி.