மரியசெல்வி டீச்சரின் ரிவிஷன்

திரேஸ்புரத்தில் மரியசெல்வி என்று பெயர் சொல்லிக் கேட்டால் பலருக்குத் தெரியாது. டியூசன் டீச்சர் என்றால் வாசல்வரை கூட்டிவந்து விட்டுப்போவார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிரியலும் சமூக அறிவியலும் சொல்லிக்கொடுத்தார். டிசம்பரில் பாடம் முடிந்துவிடும். அப்புறம் ரிவிஷன்தான். கேள்வியை டீச்சர் பாதியில் நிறுத்துவார். மீதியைப் பிள்ளைகள் கத்திச் சொல்லும். தெருவில் மீன் விற்றுப் போகிறவர்களுக்கே தமனி எது, சிரை எது என்று தெரியும்.

பொங்கல் முடிந்த வாரம், ரிவிஷன் நடத்திக்கொண்டிருந்தபோது டீச்சரின் கையிலிருந்த சாக்பீஸ் விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் எழவில்லை.

பக்கவாதம். உயிர் பிழைத்தார். வலது காலை இழுத்து இழுத்து நடக்கவும் பழகினார். பேச்சுதான் கெட்டுப்போயிற்று. வாயில் சொல் வந்தது, ஆனால் வேறு சொல் வந்தது. தண்ணீர் வேண்டுமென்றால் "குடை" என்றார். அது தப்பு என்று அவருக்கே தெரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். சென்னையில் வேலை பார்க்கும் மகன் கிங்ஸ்டன் வீடியோ காலில் வந்தபோது அவன் பெயர்கூட வரவில்லை.

கணவர் ரெக்ஸுக்குத் துறைமுகத்தில் இழுவைக் கப்பலில் வேலை. ஒரு சாயங்காலம் செபமாலை சொல்லும்போதுதான் அவருக்கு நம்பிக்கை பிறந்தது. அருள் நிறை மந்திரத்தை அவர் தொடங்க, டீச்சர் ஒரு சொல்கூடப் பிசகாமல் முடித்தார். ரெக்ஸ் டாக்டரிடம் ஓடினார்.

"பழகின செபம், பாட்டு எல்லாம் சிலருக்கு அப்படி வரும். அதுனால பேச்சு வந்துரும்னு சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

ரெக்ஸ் முதல் பாதியை மட்டும் மனதில் வாங்கிக்கொண்டு திரும்பினார். செபம் வந்தால் பாடமும் வராதா? அதையும்தானே இத்தனை வருடம் சொல்லியிருக்கிறாள். மறுநாளே பத்தாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார்.

"ஏளா, இதயத்துக்கு எத்தன அறை? சொல்லு பாப்போம்."

டீச்சர் இடது கையில் நான்கு விரலைக் காட்டினார்.

"வெரல் வேண்டாம். வாயால சொல்லு."

உதடு துடித்தது. "மணி."

"மணி இல்ல. நா... நா..."

"மணி. மணி."

நரம்பு மண்டலப் பாடம் வந்த அன்று டீச்சர் புத்தகத்தைப் பிடுங்கினார். பெருமூளைப் படத்தின்மேல் விரலை வைத்தார். அப்புறம் தன் தலையின் இடப்பக்கத்தைத் தட்டிவிட்டு வாயைத் தொட்டார். தனக்குள் எது அறுந்துபோனது என்று ரெக்ஸைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

"எல்லாம் சரியாயிரும்ளா" என்று சொல்லி ரெக்ஸ் பக்கத்தைத் திருப்பினார்.

பரீட்சைக்கு முன்னால் டியூசன் மாணவி ஜெயபிரியா ஹால் டிக்கெட்டோடு வந்தாள். ரெக்ஸ் அவளை விடவில்லை.

"டீச்சர்ட்ட ஒரு கேள்வி கேளு தாயி."

"வேண்டாம் மாமா."

"சும்மா கேளு. சொல்லுவா."

அவள் தயங்கித் தயங்கி, "வேலூர்ப் புரட்சி எந்த வருசம் டீச்சர்?" என்றாள்.

டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் வகுப்பெடுக்கும்போது இருந்த பழைய களை வந்தது. "பாய்" என்றார். தலையை ஆட்டி மறுத்துவிட்டு, "பாய்... சோறு..." என்றார். ஜெயபிரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயத்தில் வந்த சிரிப்பு. அடுத்த நொடியே அழுதுகொண்டு வெளியே ஓடினாள்.

மறுநாள் ரெக்ஸ் புத்தகத்தை விரித்தார். டீச்சர் அதை இடது கையால் மூடினார்.

"போதும்."

சுத்தமாக, தெளிவாக வந்தது. ரெக்ஸ் துள்ளி எழுந்தார். "பாத்தியா! வந்துட்டுல்லா! இன்னொரு வாட்டி சொல்லு."

"போதும்" என்று சொல்லிவிட்டு டீச்சர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அப்போதுதான் ரெக்ஸுக்குப் புரிந்தது.

ஜூனில் புதிதாகப் பத்தாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் அடுத்த தெரு டியூசனில் சேர்ந்தார்கள். அங்கிருந்து டீச்சர் வீட்டுப் பெஞ்சைக் கேட்டு வந்தார்கள். ரெக்ஸ் தூக்கிக்கொண்டு போகச் சொன்னார். அவர் வேலைக்குப் போகும் நேரத்தில் பக்கத்து வீட்டு இசக்கியம்மாள் வந்து டீச்சரோடு இருந்தாள்.

"எதாவது பேசுனாளா?" என்று திரும்பி வந்ததும் ரெக்ஸ் கேட்பார்.

"இல்ல அண்ணாச்சி. சோறுதான் ரெண்டு வாய் சாப்பிட்டாவ."

கொஞ்ச நாளில் அவர் கேட்பதையும் விட்டுவிட்டார்.