மகளின் வாக்கும் என் பிறந்த திகதியும்

என் மகள் பிரெஞ்சு இராணுவத்தில் இருக்கிறாள். தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் நான் வேலை செய்யும் மரக்கறிக் கடையில் இதைச் சொன்னால், சனங்கள் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்துவிட்டு முருங்கைக்காய் விலையைக் கேட்பார்கள். ஊரில் இராணுவத்துக்குப் பயந்து இங்கே ஓடிவந்தவளின் பிள்ளை சீருடை போட்டிருக்கிறதே என்று அவர்கள் நினைப்பது எனக்குத் தெரியும். நானும் அப்படி நினைத்து அழுதவள்தான். அந்தச் சண்டையெல்லாம் வீட்டுக்குள் பேசி முடித்தாயிற்று. இப்போது என் கோபம் வேறு.

தேர்தல் என்று திடீரென அறிவித்தபோது அவள் ஆபிரிக்காவில் ஒரு முகாமில் இருந்தாள். பதினெட்டு வயதுக்குப் பிறகு அவளுக்கு வந்த முதல் தேர்தல் அது. தன்னை எந்த நாட்டுக்கு அனுப்புவது என்று தீர்மானிக்கப்போகிறவர்களைத் தெரிவு செய்வதில் தனக்கும் ஒரு பங்கு வேண்டும் என்று தொலைபேசியில் சொன்னாள். நியாயமான ஆசை. எனவே தன் பெயரில் நான் போய் வாக்களிக்க அனுமதி கொடுப்பதாக முடிவு செய்தாள். அதை இங்கே புரோகுராசியோன் என்பார்கள். என் கணவரிடம் இருப்பது வதிவிட அட்டை மட்டும். பிரெஞ்சுக் குடியுரிமை இல்லாதவரை அதற்கு நியமிக்க முடியாது. தனக்கு அந்தக் கரைச்சலே இல்லை என்று சொல்லிவிட்டு அவர் தேநீரைக் குடித்தார்.

ஒரு சிக்கல் இருந்தது. அவள் சொன்ன வேட்பாளரை எனக்குக் கண்ணில் காட்டக்கூடாது. வாய்க்கு வந்தபடி அந்த மனிதரைத் திட்டினேன். அவள் சிரித்தாள்.

"உங்கடை வாக்கை நீங்கள் விரும்பின ஆளுக்குப் போடுங்கோ அம்மா. என்ரையை நான் சொன்ன ஆளுக்குப் போட்டால் காணும்."

பல்லைக் கடித்துக்கொண்டு ஓம் என்றேன்.

எல்லாம் எளிமையாக்கிவிட்டோம், இணையத்தில் சில நிமிடங்களில் முடிந்துவிடும் என்று தொலைக்காட்சியில் ஒரு பெண் இனிக்க இனிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். இணையத்தில் நிரப்புவது சில நிமிடம்தான். அதற்குப் பிறகு நேரில் போய் முகத்தைக் காட்ட வேண்டும். புதுவகை அடையாள அட்டை வைத்திருப்பவர்களுக்கு அதுவும் தேவையில்லையாம். என் மகளுடையது பழையது. முகாமிலிருந்து சாமான் ஏற்றப் போகும் வாகனத்தில் ஏறி, அந்த நாட்டுத் தலைநகரத்தில் உள்ள பிரெஞ்சுத் தூதரகத்துக்குப் போய், வரிசையில் நின்று, முகத்தைக் காட்டிவிட்டுத் திரும்பி வந்தாள். வந்தபின் ஒரு செய்தி கிடைத்தது. அவள் நியமித்த ஆள், அதாவது நான், அந்தப் பிறந்த திகதியோடு வாக்காளர் பட்டியலில் இல்லை என்று.

கேட்டதும் எனக்கு விளங்கிவிட்டது. நான் ஐப்பசியில் பிறந்தவள். இந்த நாட்டுக்கு வந்து அகதி விண்ணப்பம் கொடுத்தபோது கையில் பிறப்புச் சான்றிதழ் இல்லை. நாள், மாதம், ஆண்டு எல்லாம் சொன்னேன். ஆண்டு போதும் என்றார்கள். மிச்சத்தை அவர்களே நிரப்பினார்கள், சனவரி முதலாம் திகதி என்று. பிறகு ஊரிலிருந்து சான்றிதழ் எடுப்பித்துக் கொடுத்தேன். காலம் கடந்துவிட்டது என்றார்கள். குடியுரிமை கிடைத்தபோதும் அதே திகதிதான் ஒட்டிக்கொண்டு வந்தது. வீட்டில் யாரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. மகள் ஒவ்வொரு ஐப்பசியிலும் எனக்குக் கேக் வாங்கி வருகிறவள்.

அன்றே எங்கள் வட்டார மேரிக்கு, அதாவது நகரசபை அலுவலகத்துக்கு, ஓடினேன். அங்கிருந்த பெண்ணிடம் என் அட்டையைக் கொடுத்து, பட்டியலில் இருக்கிற ஆள் இதோ உங்கள் முன்னால் நிற்கிறது, மகள் நிரப்பியதில் திகதியை மட்டும் மாற்றிவிடுங்கள் என்று கெஞ்சினேன். திரையைப் பார்த்தாள். என் பெயர் இருக்கிறது, முகவரி இருக்கிறது, நான் இருக்கிறேன் என்று ஒத்துக்கொண்டாள். ஆனால் இங்கே திருத்த முடியாதாம். வாக்கின் சொந்தக்காரிதான் புதிதாக நிரப்பி, திரும்பவும் நேரில் போய் முகத்தைக் காட்ட வேண்டுமாம். முன்புபோல இல்லை, இப்போது மிகவும் சுலபம் என்று ஆறுதலும் சொன்னாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மேசையைக் கவிழ்த்திருப்பேன். இந்த நாட்டின் கொடியைத் தோளில் ஒட்டிக்கொண்டு வெயிலில் காய்கிற பிள்ளைக்கு எது சுலபம் என்று கேட்டேன். அவள் அடுத்த ஆளை அழைத்தாள்.

தலைநகரத்துக்கு அடுத்த வாகனம் தேர்தல் ஞாயிறு கழிந்துதான் போகும். மகளை அழைத்து நடந்ததைச் சொன்னேன். வழக்கமாகப் பிரெஞ்சில் பொரிந்து தள்ளுகிறவள் இந்த முறை தமிழில் மெல்லக் கேட்டாள்:

"அம்மா, நீங்கள் பிறந்த நாளைத்தானே போட்டனான்?"

ஓம் பிள்ளை, நீ சரியாகத்தான் போட்டாய் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வாக்குச்சாவடியாக்கியிருந்த பள்ளிக்கூடத்துக்குப் போனேன். மேசையில் வேட்பாளர்களின் சீட்டுகள் அடுக்கியிருந்தன. என் ஆளுடையதில் ஒன்று, மகள் சொன்ன ஆளுடையதில் ஒன்று எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனேன். வெகுநேரம் நின்றிருக்க வேண்டும். வெளியே யாரோ தொண்டையைச் செருமினார்கள். எங்கள் வீட்டுக்கு ஒரு வாக்குத்தான் என்று அவர்கள் தீர்மானித்துவிட்டார்கள். அது யாருடையது என்பதையாவது நான் தீர்மானிக்கலாம். என் ஆளின் சீட்டைக் கசக்கிக் கைப்பைக்குள் திணித்தேன். எனக்குக் கண்ணில் காட்டக்கூடாத அந்த மனிதரின் பெயரை மடித்து உறைக்குள் வைத்தேன்.

உறை பெட்டிக்குள் விழுந்தது. நான் வாக்களித்துவிட்டேன் என்று வாக்குச்சாவடித் தலைவர் உரத்த குரலில் அறிவித்தார். பதிவேட்டில் கையெழுத்துக் கேட்டார்கள். என் பெயருக்கு நேரே, சனவரி முதலாம் திகதிக்குப் பக்கத்தில், போட்டேன். அன்று வாக்கில்லாமல் வீட்டுக்குத் திரும்பியது நான்தான்.