மண் சுமந்தவர் என்றே எழுது

அன்று கனடாவில், யூனியன்வில்லில், அண்ணை வீட்டுக் குசினி மேசையைச் சுற்றி இருந்தது நாலு பேர்: அண்ணை, அண்ணி, நான், என் மகள். அப்பாவையும் சேர்த்தால் ஐந்து. செத்து இருபது வருடமான அப்பா, மகளின் லப்டொப்பில் இருந்தார்.

இரண்டாம் உலகப் போரில் மலாயாவில் யப்பான் ராணுவம் விட்டுப்போன கூலிப் பதிவேடுகளைப் புதிதாகத் திறந்து இணையத்தில் போட்டிருந்தார்கள். மலையைக் குடைந்து, குண்டுவீச்சுக்குப் பதுங்கச் சுரங்கம் வெட்டியவர்களின் பட்டியலில் அப்பாவின் பெயர், தகப்பன் பெயர், ஊர். வேலை: மண் சுமத்தல். இத்தனை காலம் பாழடைந்து கிடந்த அந்தச் சுரங்கத்தின் வாசலில் பெயர்களையும் வேலையையும் பொறிக்கப் போகிறார்களாம். பிள்ளைகளில் ஒருவர் உறுதிப்படுத்தி எழுதினால் போதும்.

அண்ணை கண்ணாடியைக் கழற்றினார். "உது வேற ஆள். அப்பா அங்க கிளாக்கர்."

அப்பாவின் முப்பத்தோராம் நாளுக்கு அச்சடித்துக் கொடுத்த நினைவுப் புத்தகமான கல்வெட்டிலும் அப்படித்தான் இருந்தது. வெண்பாவோடு. எழுதுவித்தவர் அண்ணை.

"அப்ப அப்பாவின்ரை தோளில கிடந்த காய்ப்பு? பேனை தூக்கி வந்ததோ?" என்றேன்.

அண்ணி சிரிப்பை மறைக்கத் தேத்தண்ணிப் பக்கம் திரும்பினார்.

"எட்டாம் வகுப்போட நிண்ட உனக்கு உதெல்லாம் விளங்குதோ? ஐந்நூறு கல்வெட்டு குடுத்தாச்சு. சனம் என்ன சொல்லும்?" என்றார் அண்ணை.

அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவள் நான். அண்ணையோடு ஒரு சொல் தடித்தாலே இரண்டு நாள் சோறு இறங்காது. ஆனால் அப்பா சாகும்வரை அந்தத் தோளை மூடியே திரிந்தார், கிணற்றடியில்கூட. இனியும் நாங்கள் எதற்கு மூட வேண்டும்?

"சிவபெருமானே பிட்டுக்கு மண் சுமந்தவர் அண்ணை. கல்வெட்டுத்தான் பிழை." மகளிடம் திரும்பினேன். "எழுது பிள்ளை."

"ஷுவரா அம்மா? மாமா அப்செற்."

"கோவிக்கட்டும். மண் சுமந்தவர் எண்டே எழுது."

அண்ணை எழும்பிப் போகவில்லை. திரையைப் பார்க்காமல் கேட்டார்: "கூலியாவது குடுத்தவங்களோ?"

மகள் வாசித்தாள். நாளுக்கு ஒரு டொலர். நூற்றுப் பன்னிரண்டு நாள். கொடுத்தது என்ற கட்டம் வெறுமை.

"சிவனுக்குப் பிட்டெண்டாலும் கிடைச்சது" என்று அண்ணை முணுமுணுத்தார்.

படிவத்தின் அடியில், வேறு ஏதும் சொல்ல இருந்தால் என்று ஓர் இடம். லப்டொப்பை என் பக்கம் இழுத்தேன். நானே தட்டினேன்: இன்னும் தர வேண்டியது, நூற்றுப் பன்னிரண்டு டொலர்.