கேட்காமல் அடித்த கட்டளை

அலுவலகத்தில் அவருக்கு ‘நான்யாரு’ என்று பட்டப்பெயர் சூட்டியவன் வேறு யாருமில்லை, பெண்டாட்டியின் தம்பிதான். வயதில் சின்னவன், ஆனால் அந்த டீமுக்கு லீட். கடை கடையாகப் போய் பிரிண்டர் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவரை இங்கே சேர்த்துவிட்டதும் அவன்தான். அதைச் சொல்லிக்காட்டாத வாரம் கிடையாது.

பல வாடிக்கையாளர்களின் கிளவுட் கணக்குகளை, அதாவது இணையத்தில் வாடகைக்கு எடுத்த சர்வர்களை, அந்த நிறுவனம் பராமரித்தது. கணக்குக்கு ஒரு ப்ரொஃபைல், உள்ளே நுழையும் அடையாளம். ஒரே கறுப்புத் திரையில் இப்போது செருப்புக்கடைக்காரராகவும், அடுத்த நிமிடம் ரத்தப் பரிசோதனைக்கூடக்காரராகவும் மாறி மாறிக் கட்டளை அடிக்க வேண்டும். மாறிவிட்டோமா என்று கிளவுடையே கேட்க ஒரு கட்டளை உண்டு: இப்போது நான் யார்? எதையாவது அழிக்கும் முன் அவர் அதைக் கேட்காமல் இருந்ததில்லை. தானாகக் கற்றவருக்குப் பயம் அதிகம்.

“மாமா வீட்டு வாசல்லயும் கேப்பாரு. அக்கா பதில் சொன்னாத்தான் செருப்பைக் கழட்டுவாரு” என்பான் மைத்துனன். டீமே சிரிக்கும். அவரும் சிரிப்பார். அந்த மாதக் கடைசியில்தான் அவரை நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்று முடிவு செய்ய இருந்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்?

அன்று காலை அவர் டீ குடிக்கப் போயிருந்தபோது மைத்துனன் அவர் இருக்கையில் உட்கார்ந்து பரிசோதனைக்கூடத்துக்கு ஏதோ அவசர வேலை பார்த்தான். திரையில் கட்டளை அடிக்கும் அந்த ஜன்னலில் பரிசோதனைக்கூடத்தின் ப்ரொஃபைலை ஆணியடித்தாற்போல் பொருத்திவிட்டு, கழற்றாமலே எழுந்து போனான். அப்படிப் பொருத்திய ஜன்னலில் எத்தனை முறை ஆளை மாற்றினாலும் ‘மாற்றியாயிற்று’ என்று வாய்தான் சொல்லும்; ஆள் மாறாது. அவர் திரும்பி வந்தபோது யாரும் அவரிடம் சொல்லவில்லை.

பிற்பகலில் செருப்புக்கடையின் மேலாளர் வீடியோ காலில் வந்தார். தங்கள் கணக்கில் புழக்கத்தில் இல்லாத பழைய சர்வர்களைக் கண்ணெதிரே அழித்துக் காட்ட வேண்டுமாம். இவர் தன் ஜன்னலில் செருப்புக்கடைக்கு மாறினார். ‘மாற்றியாயிற்று’ என்றது திரை. வழக்கம்போல் கேள்வியை அடிக்கத் தொடங்கினார்.

“ஆரம்பிச்சுட்டாருப்பா நம்ம நான்யாரு!” என்றான் மைத்துனன்.

“என்னது, அவரு யாருன்னு அவருக்கே தெரியாதா?” என்றார் மேலாளர்.

“பொறந்ததுலேர்ந்து தேடிட்டிருக்காரு சார். கெடைச்சா சொல்றோம்.”

திரை முழுக்கச் சிரிப்பு.

“மாமா, சார் வெயிட் பண்றாரு. அடிங்க.”

அவருக்குக் காது சுட்டது. பாதி அடித்த கேள்வியை அழித்துவிட்டு, அழிக்கும் கட்டளையை அடித்தார். சர்வர்களின் பெயராவது அவரைத் தடுத்திருக்கலாம். ஆனால் நிறுவனம் எல்லாருக்கும் ஒரே அச்சில் வார்த்து ஒரே பெயரைத்தான் வைத்திருந்தது. யார் வீடானாலும் அடுப்படிக்கு அடுப்படி என்றுதானே பெயர்.

கொஞ்ச நேரத்தில் பரிசோதனைக்கூடத்திலிருந்து போன் வந்தது. ரிப்போர்ட் வாங்க நோயாளிகள் வரிசையில் நிற்கிறார்கள். கணினியில் ஒருவருடையதும் இல்லை.

அப்போதுதான் அவர் அந்தக் கேள்வியை அடித்தார்; ‘பரிசோதனைக்கூடம்’ என்றது திரை, காலையில் அங்கே உட்கார்ந்தது யாரென்று பக்கத்து இருக்கைக்காரர் சொன்னார். முதலாளியின் அறையில் அவர் நின்றார். “காலைல அந்த ஜன்னல்ல...” என்று தொடங்கி மைத்துனனைப் பார்த்தார். அவன் கண்ணைத் தாழ்த்தவில்லை.

“மாமா எப்பவும் கேட்டுட்டுத்தான் அடிப்பாரு சார். இன்னிக்கு மட்டும் ஏன் கேக்கலைன்னு அவர்தான் சொல்லணும்.”

அவர் வாயைத் திறந்தார். இவனைக் காட்டிக்கொடுத்துவிட்டு வீட்டுக்கு எந்த முகத்தோடு போவது? மூடிக்கொண்டார். மேசையில் அடையாள அட்டையை வைக்கச் சொன்னார்கள்.

சாயங்காலம் மைத்துனன் அவர் வீட்டுக்கு வந்தான். மனைவி தம்பிக்கு முதலில் சோறு போட்டாள்.

“உம் பேரையும் சேர்த்துக் கெடுத்துட்டாரேடா” என்றாள்.

“விடுக்கா. மாமா மேல கேஸ் போடறேன்னாங்க. நான்தான் கையைக் காலைப் பிடிச்சு நிறுத்தினேன்.”

அவள் கணவன் பக்கம் திரும்பினாள். “மரம் மாதிரி நிக்கறீங்களே, அவனுக்கு ஒரு நன்றி சொல்லக்கூடாதா?”

மைத்துனன் தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

“ரொம்ப நன்றி மாப்ளே” என்றார் அவர்.

“பரவால்ல மாமா” என்று அவன் தட்டை நீட்டினான். “அக்கா, இன்னும் கொஞ்சம் போடு.”