அக்காவின் அறுபத்திரண்டு வாக்கியங்கள்

அக்காவின் சட்டைக் காலரில் அந்த மைக்கை நான் மாட்டியபோது, "இது என்னாடா, பொத்தான் சைசுல இருக்கு. இதுவா என் கொரல புடிக்கப் போவுது?" என்று கேட்டாள். கேட்டதே பாதி காற்றாகத்தான் வந்தது. நான் சிரித்தேன். பெட்டியைப் பிரித்து மூன்று வாரம்கூட ஆகாத புதுச் சாமான் அது. கம்பி கிடையாது. அந்தச் சின்னத் துண்டைப் பேசுகிறவர் சட்டையில் மாட்டிவிட்டால், அதன் ஜோடி கேமராவின் தலையில் உட்கார்ந்து சத்தத்தை வாங்கிக்கொள்ளும். ஒரு விசையை அழுத்தினால் விளக்கு பச்சையாகும். அதன் பிறகு சுற்றியிருக்கும் இரைச்சலையெல்லாம் கருவியே வடிகட்டிவிடும். இதையெல்லாம் அக்காவுக்கு விளக்கிச் சொன்னேன். அவள் காதில் வாங்கவில்லை என்று தெரிந்தும் சொன்னேன். புதுச் சாமான் வாங்கியவன் வாய் சும்மா இருக்காது. அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

அக்கா சுங்கை ஆயர் தாவாரில் பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தாள். மற்ற வேன்காரர்கள் வீட்டு வாசலில் ஹாரன் அடிப்பார்கள். அக்கா கண்ணாடியை இறக்கிப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு ராகம். சுறுசுறுப்பான பிள்ளைக்கு வெடுக்கென்று, தூங்குமூஞ்சிக்கு நன்றாக இழுத்து. தோட்டத்தில் இருந்த காலத்தில் லயத்து வீட்டு வரிசையின் ஒரு கோடியிலிருந்து அவள் என்னைக் கூப்பிட்டால், நடுவிலுள்ள எட்டு வீட்டுக்காரர்களும் நான் எங்கே என்று தேடுவார்கள். அப்படிப்பட்ட தொண்டை கம்மத் தொடங்கியபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கத்திக் கத்திப் போய்விட்டது என்று அவளே சொன்னாள். இஞ்சி, தேன், சீனர் கடை மருந்து என்று எட்டு மாதம் ஓடியது. அதற்குப் பிறகுதான் பெரிய மருத்துவமனை, ஸ்கேன், கட்டி. குரல்வளையை முழுசாக எடுத்துவிட்டால் உயிர் பிழைக்கலாம் என்றார்கள். திரும்பி வரும்போது காரில் அக்கா, "அப்ப இனிமே உங்க அத்தான எப்பிடிடா திட்டுறது?" என்று கேட்டாள். பின்னால் உட்கார்ந்திருந்த அத்தான், "எழுதிக் குடு, படிச்சுக்கறேன்" என்றார். மூவரும் சிரித்தோம்.

அதற்கும் ஒரு வழி இருக்கிறது என்று சொன்னது, மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மலாய்ப் பெண். அறுவைச் சிகிச்சைக்கு முன்னால், அக்கா தினமும் பேசுகிற வாக்கியங்களை அவள் குரலிலேயே பதிந்துவைத்துக்கொள்ள வேண்டும். பிறகு அவற்றைப் போனில் ஒரு செயலியில் ஏற்றிவிட்டால், திரையில் வாக்கியத்துக்கு ஒரு கட்டம் வரும். கட்டத்தைத் தொட்டால் அக்காவின் குரல் பேசும். அக்காவுக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. எதில் பதிவது என்று கேட்டதற்கு அந்தப் பெண், "தெலிபோன் பூன் சுக்குப், காக்" என்றாள். போனே போதும் அக்கா என்கிறாள். அதைக் கேட்டதும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பதினைந்து வருடமாகக் கோலசிலாங்கூரில் கடை வைத்துக் கல்யாண வீடியோ எடுக்கிறவன் நான். என் அக்காவின் குரலைப் போனிலா பதிவது? "நான் பாத்துக்கறேன்கா" என்றேன். அதைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருந்தால், அவள் பிள்ளைகளுக்குக் காத்திருக்கும் நேரத்தில் வேனில் உட்கார்ந்தபடியே பதிந்து முடித்திருப்பாள்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. கல்யாண வீடியோ எடுக்கிற நாங்கள் சத்தத்தைக் கேட்பதே இல்லை. மண்டபத்தில் மேளமும் ஒலிபெருக்கியும் பிள்ளைகள் கூச்சலும் ஒன்றாகக் கலந்து கிடக்கும். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அசல் சத்தத்தை வெட்டி எறிந்துவிட்டுப் பாட்டைப் போட்டுவிடுவோம். தாலி கட்டும் இடத்தில் மட்டும் கொஞ்சம் நாதஸ்வரம். அதுவும் வேறு யாரோ கல்யாணத்தில் நன்றாகப் பதிந்தது. ஹெட்ஃபோன் என் கழுத்தில் எப்போதும் தொங்கும். பார்க்கிறவர்களுக்கு ஒரு மரியாதை வரும் என்பதற்காக. காதில் வைத்தது அபூர்வம். வெளிச்சம் சரியா, முகம் தெளிவா என்று கண் பார்த்துக்கொண்டேயிருக்கும். காது வீட்டில் படுத்துத் தூங்கும்.

புது மைக்கைச் சோதிக்காமல் நான் இறங்கவில்லை. அதைச் சொல்லித்தான் கொஞ்ச நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பாசிர் பெனம்பாங் படகுத்துறைக்குக் கொண்டுபோனேன். மீன்பிடிப் படகு ஒன்று எஞ்சினைப் போட்டுக்கொண்டு நின்றது. மீன் கடையில் ஐஸ் உடைக்கும் மெஷின் ஓடியது. நடுவில் நின்று விளக்கைப் பச்சையாக்கி, இரைச்சல் வடிகட்டுவதைக் கடைசி அளவுக்கு ஏற்றி, "ஒன், டூ, த்ரீ, பேசறது கேக்குதா" என்று பேசினேன். காருக்குள் வந்து போட்டுக் கேட்டேன். படகு இல்லை. ஐஸ் மெஷின் இல்லை. ஸ்டுடியோவில் உட்கார்ந்து பேசியதுபோல் என் குரல் மட்டும் தனியாக நின்றது. மூன்று முறை கேட்டேன். கேட்டது என் குரல், நல்ல கனத்த குரல் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் ஒன்றோடு உட்கார்ந்தாள். அறுபத்திரண்டு வாக்கியங்கள். வரிசை எண் போட்டு, பிள்ளைகள் எழுதுவதுபோல் ஓரத்தில் கோடு போட்டு எழுதியிருந்தாள். செவ்வாய்க்கிழமை அறுவை, திங்கட்கிழமையே மருத்துவமனையில் போய்ப் படுக்க வேண்டும். நான் சாவகாசமாக விளக்கு நிறுத்தினேன். நிழல் விழுகிறது என்று இடம் மாற்றினேன். பின்னால் தெரிந்த காலண்டரைக் கழற்றினேன். குரல் மட்டும் போதும் என்ற வேலைக்கு ஒரு மணி நேரம் படத்தை அலங்காரம் செய்தேன். அதற்குள் அத்தானோடு பேசிப் பேசியே அவள் குரல் இன்னும் இறங்கிவிட்டது. வீடு சாலையோரம். செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் போய்க்கொண்டிருந்தன. காற்றாடியை நிறுத்தினால் அக்காவுக்கு வியர்த்தது. "காத்தாடி சத்தம் கேக்காதா?" என்று அத்தான் கேட்டார். "அதெல்லாம் மைக்கே பாத்துக்கும் அத்தான்" என்று விளக்கைப் பச்சையாக்கினேன்.

அக்கா பேசினாள். "யாரு, உள்ள வாங்க." "டீ போடுங்க, சீனி கம்மியா." "சீக்கிரம் ஏறு லா, மணி ஆவுது." பிள்ளைகள் பதினோரு பேரின் பெயர்களையும் அவரவர் ராகத்தில் கூப்பிட்டாள். ராகம் மட்டும் அப்படியே இருந்தது. குரல் தேய்ந்து வெறும் மூச்சாக வந்தது. "ஒனக்குக் கொஞ்சமாச்சும் அறிவு இருக்கா?" என்பதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "இது ஒனக்கு" என்றாள். தனக்கு ஒன்றும் இல்லையா என்று அத்தான் கேட்டார். "ஒங்களுக்கு ரெண்டு பக்கம் இருக்கு, இருங்க." இடையிடையே தண்ணீர் குடித்தாள். ஐம்பதைத் தாண்டியபோது தொண்டையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்தாள். நிறுத்தலாமா என்று கேட்டேன். நோட்டைத் தட்டிக் காட்டினாள். அறுபத்திரண்டையும் முடித்துவிட்டு, "ஒருதரம் போட்டுக் காட்டுடா, எப்பிடி இருக்குன்னு கேக்கலாம்" என்றாள்.

கல்யாண வீட்டிலும் இப்படித்தான் கேட்பார்கள், எடுத்ததைக் காட்டச் சொல்லி. வேலை முடியாததை யாருக்கும் காட்டுவதில்லை என்று பழகிவிட்டேன். அந்தப் பழக்கமே வாயில் வந்தது. "இப்பக் கேட்டா நல்லா இருக்காதுக்கா. எடிட் பண்ணிட்டுக் காட்டுறேன்." அக்கா தலையாட்டினாள். என் தொழிலில் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. அன்று சாயங்காலம் சுங்கை சோவில் ஒரு கல்யாண விருந்து இருந்ததால் நான் சீக்கிரம் கிளம்பினேன்.

புதன்கிழமைதான் வீடியோக் கோப்பைத் திறந்தேன். அறுவை முடிந்து அக்கா தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தாள். படம் அருமையாக இருந்தது. அவள் கன்னத்து மச்சம்கூடத் தெரிந்தது. சத்தத்தில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்றும் சொல்ல முடியாது. வாக்கியத்தின் தொடக்கத்தில் ஒரு துணுக்கு வரும், பிறகு தண்ணீருக்குள்ளிருந்து யாரோ முனகுவதுபோல் ஏதோ வரும், பிறகு அதுவும் அறுந்துவிடும். அக்காவின் குரலில் பாதிக்கு மேல் காற்று. காற்றாடியின் காற்றோடு அதையும் இரைச்சல் என்று முடிவுகட்டிக் கருவி துடைத்துவிட்டிருந்தது. இடையில் நான் பேசியது மட்டும் கணீரென்று கேட்டது. "சூப்பர்கா, அடுத்தது." "சூப்பர்கா, அடுத்தது." அறுபத்திரண்டு தடவை.

கருவிக்குள்ளேயே வடிகட்டாத சத்தத்தைத் தனியாகச் சேமித்துக்கொள்ளும் வசதி இருந்ததாம். அதைத் திறந்துவிட வேண்டும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் அந்தப் பக்கமே போகவில்லை. வெளி மைக்கை மாட்டியதால் கேமராவின் சொந்த மைக்கும் மூடிக்கொண்டது. எனக்குத் தெரிந்த மென்பொருளையெல்லாம் ஓட்டிப் பார்த்தேன். ஒலிப்பதிவு வேலை பார்க்கிறவர் ஒருவரிடம் அனுப்பினேன். இல்லாததை எங்கிருந்து எடுப்பது என்று கேட்டார். பழைய ஹார்ட் டிஸ்குகளைப் பிரித்தேன். எங்கள் குடும்பத்துக் கல்யாணம், காதுகுத்து எல்லாம் நான் எடுத்ததுதான். எல்லாவற்றிலும் அக்கா இருக்கிறாள். பந்தி விசாரிக்கிறாள், யாரையோ அதட்டுகிறாள். மேலே பாட்டு ஓடுகிறது. அவள் மகள் கல்யாணத்தில் கேமராவைப் பார்த்து ஒரு நிமிடம் பேசுகிறாள். என்ன பேசினாள் என்று எனக்கு ஞாபகமில்லை. நாதஸ்வரம் போட்டிருக்கிறேன். இடம் போதவில்லை என்று அசல் கோப்புகளை என்றோ அழித்தாயிற்று. போனில் குரல்செய்தி அனுப்புவதும் அக்காவுக்குப் பிடிக்காது, சுவரிடம் பேசுவதுபோல் இருக்கிறதாம். ஜொகூரிலிருக்கும் மகள் தேடித் தேடி ஒன்றே ஒன்றைக் கண்டுபிடித்தாள். நான்கு விநாடி. "வேன்ல இருக்கேன், அப்பறம் பேசுறேன்."

அக்காவிடம் சொல்ல எனக்கு ஆறு நாள் ஆயிற்று. கழுத்தில் குழாயோடு உட்கார்ந்து, ஒரு சின்ன வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தாள். தினமும், போனில் எப்போது போடுவாய் என்று எழுதுவாள். ஆறாம் நாள் சொன்னேன். அக்கா பலகையைத் தள்ளிவிட்டு, வாயைத் திறந்து என்னைத் திட்டத் தொடங்கினாள். உதடு அசைகிறது, கை ஆடுகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது. ஒரு சத்தமும் இல்லை. பக்கத்துப் படுக்கைக்காரம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு நிமிடம் அப்படித் திட்டினாள். வலி வந்ததும் நிறுத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். சின்ன வயதிலிருந்து அவளிடம் எவ்வளவோ வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். எதுவும் இப்படி என்னை வதைத்ததில்லை.

வீட்டுக்கு வந்தபின் செயலியில் இருந்த இயந்திரப் பெண்குரலை முயன்று பார்த்தோம். செய்தி வாசிப்பதுபோல், "எனக்குத் தேநீர் வேண்டும்" என்றது. அக்கா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். தொண்டையில் வைத்துப் பேசும் கருவியை ஒரே தடவை முயன்றுவிட்டு அலமாரிக்குள் போட்டாள். மகள் வந்து அந்த வாக்கியங்களைத் தன் குரலில் பேசிப் பார்த்தாள். நாலாவது வாக்கியத்தில் அழுதுவிட்டாள். அத்தான் பேசினால் பேச்சு பல்லுக்குள்ளேயே நின்றுவிடும். கடைசியில் அக்கா பலகையில் எழுதி என் முன்னால் நீட்டினாள். "நீயே பேசு. நீதானே கெடுத்த."

அதே மைக்கை என் சட்டையில் மாட்டிக்கொண்டு, இந்தத் தடவை ஹெட்ஃபோனைக் காதில் வைத்து, நோட்டைப் பார்த்துப் படித்தேன். அக்கா எதிரே உட்கார்ந்து கையால் திருத்தினாள்: இன்னும் கொஞ்சம் இழு, இங்கே வெடுக்கென்று முடி. பிள்ளைகள் பெயர்கள் வந்தபோது ராகத்தைக் காற்றில் விரலால் வரைந்து காட்டினாள். எவ்வளவு முயன்றும் அது எனக்கு வரவில்லை. விட்டுவிடு என்று கையசைத்துவிட்டாள். பதிவு துல்லியமாக வந்திருந்தது. காற்றாடிச் சத்தம் துளிகூட இல்லை.

ஒரு வருடம் ஆகப்போகிறது. வேனை அத்தான் ஓட்டுகிறார். எல்லோரையும் போல ஹாரன் அடிக்கிறார். போன வாரம் நான் அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மகள் அத்தானின் போனுக்கு அழைத்தாள். வேலை முடிந்து கார் ஓட்டிக்கொண்டிருந்தாள். முகம் பார்த்துப் பேச முடியாது. அத்தான் ஸ்பீக்கரைப் போட்டு அக்காவின் முன்னால் வைத்தார். அக்கா தன் போனை எடுத்து, தேடி, ஒரு கட்டத்தைத் தொட்டாள். "சாப்டியாமா?" என்றது என் குரல். மகளுக்கு விஷயம் தெரியும், தினமும் கேட்கிறவள்தான். அன்று என்ன அசதியோ, சாலையில் என்ன அவசரமோ.

"சாப்டேன் மாமா" என்றாள். "அம்மா எங்க, பக்கத்துல இருக்காங்களா?"

அக்காவின் விரல் கட்டங்களின் மேல் நின்றது. மேலே தள்ளிப் பார்த்தாள், கீழே தள்ளிப் பார்த்தாள். 'நான்தான் பேசுறேன்' என்று அந்த அறுபத்திரண்டில் ஒன்றுகூட இல்லை. இருந்திருந்தாலும் அது என் குரலில்தான் சொல்லியிருக்கும்.