டஸ்ட் என்று நான் தள்ளிய இசைத்தட்டு

இலங்கையில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் தொழிற்சாலையில் நான் உதவி டீமேக்கர். எழுபதுகளில் அரசாங்கம் தோட்டங்களை எடுத்துக்கொண்டதும் வெள்ளைக்காரத் துரைமார் மூட்டை கட்டினார்கள். அவர்கள் போட்டுவிட்டுப் போன கன்ட்ரி பாட்டு இசைத்தட்டுகள் பழைய சாமான் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. குதிரை, ரயில், விட்டுப்போன காதலி என்று மூக்கால் இழுத்து இழுத்துப் பாடுவார்கள். எனக்கு அந்தப் பாட்டுகள் மேல் பைத்தியம் பிடித்துவிட்டது; தேடித்தேடி வாங்கினேன்.

தட்டுகளுக்கும் தேயிலைத் தரத்தைத்தான் வைத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடிப்பேன். கீறல் இல்லையென்றால் பி.ஓ.பி., உயர்ந்த தரம். மயிரிழைக் கோடுகள் தெரிந்தால் பெக்கோ, அடுத்த தரம். நடு ஓட்டையைச் சுற்றி லேபிள் தேய்ந்திருந்தால், நிறைய ஓடிய தட்டு என்று ஒரு தரம் இறக்குவேன். ஊசி துள்ளினால் டஸ்ட், கடைசித் தரம். இதிலெல்லாம் எனக்கிருந்த தலைக்கனம் கொஞ்சநஞ்சமில்லை.

எங்கள் பிள்ளைக்காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர் ஆயம்மா. அதற்கு முன் துரை பங்களாவில் வேலை செய்தவர். கணவர் இல்லை. ஒரே மகன் இந்தியக் கடவுச்சீட்டு கிடைத்து, பெண்டாட்டி பிள்ளைகளோடு கப்பலேறிவிட்டான். ஆயம்மாவுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. அவர் இங்கேயே தங்கிவிட்டார். மகனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

துரைசாணி போகும்போது அவருக்கு ஒரு தட்டைக் கொடுத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அதைச் சேலைத்துணியில் சுற்றிக்கொண்டு என் குவாட்டர்ஸுக்கு வருவார்.

"ஐயா, ஒருக்கா போடுறீங்களா?"

என் ரெக்கார்டு மெசினில் போடுவேன். இரண்டாவது பாட்டில் குறுக்கே ஒரு கீறல். அந்த இடம் நெருங்கும்போது கண்கொத்திப் பாம்பாகக் காத்திருந்து, ஊசியைத் தூக்கி அப்பால் வைத்துவிடுவேன். என் ஊசி கெட்டுவிடக் கூடாதே. ஆயம்மா கழுத்தை நீட்டிக்கொண்டு கேட்பார். நான் தூக்கியதும் கழுத்தை உள்ளே இழுத்துக்கொள்வார். பாட்டில் மயங்குகிறார் என்றுதான் இந்த மண்டைக்கு எட்டியது.

அதே தட்டு, கீறலே இல்லாதது, நுவரெலியாக் கடையொன்றில் அகப்பட்டது. என்னிடமிருந்த நல்ல தட்டுகள் இரண்டைக் கொடுத்து மாற்றிக்கொண்டேன். பாவம், அந்த மனுஷிக்கு ஒரு சந்தோஷம் கொடுப்போமே என்றுதான். சத்தியமாக அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு, "பூஞ்சணம் பிடிச்சிருக்கு, தொடச்சு வைக்கிறேன். விட்டுட்டுப் போங்க ஆயம்மா" என்று பழையதை வாங்கி வைத்துக்கொண்டேன். டஸ்ட்தானே, இனி யாருக்கு வேண்டும்? தொழிற்சாலை டிரையரின் சூட்டில் காட்டினேன். இளகி வந்ததும் ஒரு சட்டியின் மேல் கவிழ்த்து மடித்தேன். ஓரமெல்லாம் அலை அலையாக நல்ல கிண்ணமாகிவிட்டது. என் மனைவி அதில் பேரிக்காய்களை நிரப்பி மேசையில் வைத்தாள்.

அதற்கடுத்த ஞாயிறு ஆயம்மா வந்ததும் வாயெல்லாம் பல்லாகப் புதியதைப் போட்டேன். அன்று ஊசியைத் தொடவில்லை. இரண்டாவது பாட்டு வழுக்கிக்கொண்டு ஓடியது. அவர் கழுத்தை நீட்டினார். பாட்டு முடிந்தும் நீட்டியபடியே இருந்தார்.

"அந்த எடம் வரலீங்களே, ஐயா?"

"இனி வராது ஆயம்மா. இது வேற தட்டு. சுத்தமான தட்டு. ஒங்களுக்குத்தான்."

"என்னோடது?"

கண் தானாக மேசைக்குப் போனது. அவரும் பார்த்துவிட்டார். எழுந்து போய்க் கிண்ணத்தின் வெளிப்பக்கத்தை விரலால் தடவினார். மடிப்புக்கு அருகே விரல் நின்றது.

"இந்தா இருக்கு. சின்னப் புள்ளையில எம்மவன் பங்களாவுல வெளயாட்டுக் காரை இதுமேல ஓட்டிட்டான். தொரசாணி அவன அடிக்க வந்து, பொறகு அவுங்களே சிரிச்சுட்டாங்க. கெட்டுப்போச்சுன்னுதான் போறப்ப எனக்குக் குடுத்தாங்க. அது துள்ளுற சத்தத்தக் கேக்கத்தான் இங்க வருவேன். நீங்க தூக்கிருவீங்க. ஒங்க மெசினாச்சே, நான் என்னத்தச் சொல்ல?"

எத்தனை ஞாயிறு அந்தச் சத்தத்தை அவர் காதுக்கு எட்டவிடாமல் தூக்கியிருப்பேன்? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தரம் தெரிந்தவனுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

ஆயம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"ஐயா, தப்பா நெனைக்காதீங்க. இத நான் எடுத்துக்கட்டுங்களா?"

அவருடைய பொருளை அவரே என்னிடம் கெஞ்சிக் கேட்டார். பேரிக்காய்களை மேசையில் கொட்டிவிட்டுக் கிண்ணத்தை நீட்டினேன். அதே சேலைத்துணியில் சுற்றிக்கொண்டு படியிறங்கிப் போனார். அவருக்கென்று வாங்கிய தட்டு மெசினில் ஓடிக்கொண்டிருந்தது. அதன்பிறகு அவர் எந்த ஞாயிறும் வரவில்லை.