பயந்த ஃபோர்மேனுக்காக நான் ஏறிய கூண்டு

என் வீட்டுக்காரர் கோர்ட்டில் குற்றவாளி ஆனது ஒரு தண்ணி வாளியால். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்தே வருகின்றன.

அது தீபாவளி. அரசாங்கம் சொன்ன நேரம் முடிந்த பிறகும் திருத்தங்கல்லில் எங்கள் தெருவில் வெடிச் சத்தம் ஓயவில்லை. போலீஸ் வண்டியைக் கண்டதும் வெடித்தவர்கள் அத்தனை பேரும் சிட்டாகப் பறந்துவிட்டார்கள். சத்தம் அடங்கிவிட்டதே என்று, புகைந்துகொண்டு கிடந்த வெடிகளில் தண்ணி ஊற்ற இவர் வாளியோடு வெளியே போனார். நேரே போலீஸிடம் மாட்டினார். இவர் கையைப் புரட்டிப் பார்த்த ஏட்டு, "கையில் வெடிமருந்து இருந்தது" என்று எழுதிக்கொண்டார். பட்டாசுக் கம்பெனி ஃபோர்மேன் கையில் அலுமினியப் பொடி இல்லாமல் சந்தனமா இருக்கும்?

சம்மன் வந்த சமயம் கம்பெனி திறந்து வேலை தொடங்கியிருந்தது. கோர்ட்டுக்குப் போக வேண்டிய அன்றும் விடியக் காலையிலேயே மருந்து கலந்துவிட்டுத்தான் கிளம்பினார். கலந்த மருந்தைப் போட்டு வைக்கக் கூடாது. வெயில் ஏறுவதற்குள் குழாய்களில் செலுத்தி முடிக்க வேண்டும். அதுவரை ஃபோர்மேன் பக்கத்தில் நிற்க வேண்டும். கோர்ட்டு வராந்தாவில் ஒருத்தர், "நான் வெடிக்கலைன்னு சொன்னீகன்னா மத்தியானம் வரைக்கும் உக்காரணும். பெறகு வேற தேதி குடுப்பாக" என்றிருக்கிறார். அவ்வளவுதான். இவர் உள்ளே போய், "நான்தான் வெடிச்சேன் ஐயா" என்று சொல்லி, அபராதத்தைக் கட்டிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டார். சாயங்காலம் என்னிடம், "பத்தே நிமிசம், வேலை முடிஞ்சிருச்சு" என்று பெருமை வேறு.

அந்தப் பத்து நிமிசம் எங்களை இரண்டு வருசம் அலைய வைத்தது. கம்பெனிக்கு விஷயம் தெரிந்ததும், "வெடி கேஸ்ல தண்டனை வாங்குன ஆள மருந்து அறையில வைக்க முடியாது" என்று மேனேஜர் இவரைப் பெட்டிக்கு லேபிள் ஒட்டும் இடத்துக்கு மாற்றிவிட்டார். மருந்தைக் கண்ணாலேயே எடை போடுகிற மனுசன் ஒட்டிய லேபிள் ஒன்றுகூட நேராக இல்லை. இவர் இடத்துக்கு வந்த புது ஃபோர்மேன் பெரிய தைரியசாலி. மருந்து அறைக்குள்ளேயே செல்போனோடு போவாராம். அதைக் கேட்ட நாளிலிருந்து இவருக்குச் சோறு இறங்கவில்லை.

நான்தான் வக்கீலைப் பிடித்தேன். ஒத்துக்கொண்ட வழக்கில் அப்பீல் போவது கஷ்டம் என்று அவர் தலையைச் சொறிந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு நடையாய் நடந்தோம். கடைசியில், வக்கீல் வேண்டுமா என்றுகூட முதல் கோர்ட்டில் இவரைக் கேட்கவில்லை என்று சொல்லி, வழக்கைப் புதிதாக விசாரிக்க உத்தரவு வந்தது.

"அவரு வெடிக்கலன்னு எப்பிடிம்மா நிரூபிக்க?" என்று கேட்டார் வக்கீல்.

எனக்கு வழி தெரியும். என் வீட்டுக்காரருக்கு வெடி என்றால் பயம். தலை தீபாவளிக்கு எங்கள் அம்மா வீட்டுக்கு வந்தவர், மச்சினன் சரவெடியைப் பிரித்ததுமே வயிற்று வலி என்று உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு தீபாவளிக்கும் காதில் பஞ்சு, கதவுக்குத் தாழ்ப்பாள். இதைச் சொன்னதும் வக்கீல் கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டுச் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. பஸ்ஸில் என்னிடம் கெஞ்சினார்: "ஏ புள்ள, அதை மட்டும் சொல்லிராத. அம்புட்டுப் பேரும் சிரிப்பாக. அதுக்குப் பெறகு மருந்து அறையில எவ என் பேச்சக் கேப்பா?"

சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் வேலை திரும்பாது. அவருக்கும் சேர்த்து நானே முடிவு செய்தேன்.

விசாரணை அன்று, மருந்து செலுத்தும் பெண்கள் ஏழெட்டுப் பேர் லீவு போட்டுவிட்டு வந்து பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். நான் கூண்டில் ஏறி வயிற்று வலியிலிருந்து தாழ்ப்பாள் வரை எல்லாவற்றையும் சொன்னேன். கோர்ட்டே சிரித்தது. நீதிபதி பேப்பரைத் தூக்கி வாயை மறைத்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பட்டாசு ஃபோர்மேனுக்குப் பட்டாசுன்னா பயமா? இதை யாரும்மா நம்புவா?" என்றார் அரசு வக்கீல்.

நான் வாயைத் திறப்பதற்குள், பின்னால் இருந்த பெண்களில் மூத்தவர் எழுந்தார்.

"ஐயா, அவரு பயந்த மனுசன்னு எங்களுக்கு எப்பமோ தெரியும். அவரு பயந்து பயந்து பாக்குறதாலதான் நாங்க பிள்ளைகள வீட்டுல விட்டுட்டு வந்து தைரியமா மருந்து செலுத்துறோம். இப்ப இருக்க ஆளுக்குப் பயமே இல்ல. எங்களுக்குத்தான் தெனமும் பயமா இருக்கு."

சிரிப்பு நின்றுவிட்டது. அந்த அம்மாவையும் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லச் சொன்னார் நீதிபதி. அடுத்த மாதம் இவர் குற்றவாளி இல்லை என்று தீர்ப்பு வந்தது, மருந்து அறைக்கும் திரும்பிப் போனார். ஆனால் தீர்ப்பு நாளில் அவர் கண் கலங்கவில்லை. அந்த அம்மா பேசி முடித்தபோதுதான், அத்தனை பேர் முன்னாலும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கூண்டில் நின்றபடியே நானும் அழுதேன்.